சுவரில் மோதும் காற்று: அழுத்தம் எங்கே பிறக்கிறது?

வாயு மூலக்கூறுகள் கொள்கலனின் சுவரில் மோதுவதால் அழுத்தம் உண்டாகிறது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் படித்த எவருக்கும் இந்த வரி மனப்பாடம். வரியைத் தொடர்ந்து ஒரு கனசதுரப் பெட்டி வரையப்படும். அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறு எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே போய்ப் போய் வரும். நாலைந்து வரிக் கணக்கில் சமன்பாடு கிடைத்துவிடும். தேர்வில் முழு மதிப்பெண்.

அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவரை அறிவியல் உலகம் நூறாண்டுக்கு மேல் பொருட்படுத்தவில்லை. பெட்டிக் கணக்கிலோ இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. மூலக்கூறுகள் தமக்குள் மோதிக்கொள்வதில்லை என்பது ஒன்று. சுவர் அவற்றை வழவழப்பான தளம்போலப் பளிச்சென்று திருப்பி அனுப்புகிறது என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை. அப்படியும் விடை துல்லியமாக வருகிறது. தவறான வழியில் ஒரு மாணவன் சரியான விடைக்கு வந்தால் ஆசிரியருக்குச் சந்தேகம் வரும். பாடநூலுக்கும் அதே நியாயம்தான்.

அழுத்தம் எங்கே பிறக்கிறது என்ற கேள்வியைப் பற்றி முந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்திருப்பவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். சுவர் அழுத்தத்தைப் பிறப்பிப்பதில்லை. வாயுவுக்குள் எந்நேரமும் நடக்கும் உந்தப் போக்குவரத்தை அது தடுத்து நிறுத்தி நமக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. அந்தப் போக்குவரத்து, சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்துகொண்டேயிருக்கும்.

நின்ற துகளா, ஓடும் துகளா?

1643ஆம் ஆண்டில் இத்தாலியில் டாரிசெல்லியின் சோதனை, காற்று 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத் தூணைத் தாங்கி நிறுத்தும் என்று காட்டியது. ஐந்தாண்டு கழித்து, 1648 செப்டம்பரில், பாஸ்கலின் மைத்துனர் பெரியே பிரான்சின் புய் து தோம் மலைமீது பாதரசக் குழாயோடு ஏறினார். அடிவாரத்து நகரத்தைவிட உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக நம் தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது என்ற விளக்கம் நிலைபெற்றது.

ஆனால் மூடிய புட்டிக்குள் இருக்கும் காற்றும் அதே அளவு அழுத்துகிறதே? புட்டிக்குள் தலைக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் காற்று எங்கே இருக்கிறது? ராபர்ட் பாயில் 1660இல் வெளியிட்ட நூலின் தலைப்பே காற்றின் சுருள்வில் தன்மையைப் பற்றியது. காற்றுத் துகள்கள் ஆட்டு ரோமம்போலச் சுருண்டு கிடக்கின்றன, அமுக்கினால் எதிர்த்துத் தள்ளுகின்றன என்ற படத்தை அவர் முன்வைத்தார். கன அளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரட்டிக்கும் என்ற விதி 1662இல் அந்நூலின் இரண்டாம் பதிப்போடு வந்தது. விதிக்கு அவரிடம் அட்டவணை இருந்தது. காரணத்தைப் பற்றி அவர் கறாராக எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

1687இல் நியூட்டன் வேறொரு படத்தைத் தந்தார். துகள்கள் அசையாமல் நிற்கின்றன. பக்கத்துத் துகளைத் தள்ளிக்கொண்டேயிருக்கின்றன. தள்ளும் விசை இடைத்தூரத்துக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. இப்படி வைத்துக்கொண்டால் பாயில் விதி அச்சுப் பிசகாமல் வருகிறது. உண்மையில் காற்று இப்படித்தான் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதை நான் தீர்க்கவில்லை என்ற பொருளில் அவரே எழுதியும் வைத்தார். பின்வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை மறந்து, கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களின் பெயர் சில நேரம் அவர்கள் சொன்னதைவிட உரக்கப் பேசிவிடுகிறது.

ஓடும் துகள்களின் படத்தை முழுக் கணக்கோடு தந்தவர் டேனியல் பெர்னூலி. 1738இல் வெளிவந்த ஹைட்ரோடைனமிக்கா நூலின் பத்தாம் அத்தியாயத்தில் ஒரு செங்குத்து உருளை வருகிறது. அதற்கு மேலும் கீழும் நகரும் மூடி, மூடியின்மேல் ஓர் எடைக்கல். உள்ளே எண்ணற்ற சிறு துகள்கள் நாலா திசையிலும் விரைந்து ஓடி, மூடியில் மோதி மோதி அந்த எடையைத் தாங்கி நிறுத்துகின்றன. இடத்தைச் சுருக்கினால் மூடிக்கு அருகே துகள்கள் நெருங்கும், மோதல்கள் கூடும், அழுத்தம் உயரும். துகள்களின் வேகம் இரட்டித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மோதலும் இருமடங்கு வலுவாகும். அதோடு மோதல்களும் இருமடங்கு அடிக்கடி நிகழும். ஆக அழுத்தம் நான்கு மடங்கு. அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்ற இந்த முடிவுதான் பின்னாளில் வெப்பநிலைக்கே பொருள் சொன்னது. துகளுக்கும் சிறிது பருமன் உண்டு, அதிக அழுத்தத்தில் அது கணக்கை மாற்றும் என்பதைக்கூட பெர்னூலி விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு தெளிவான கணக்கு ஏன் தூங்கியது? வெப்பம் என்பது எடையற்ற ஒரு பாய்மம், அதன் பெயர் கலோரிக் என்ற கொள்கை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோலோச்சியது. ஒவ்வொரு அணுவையும் கலோரிக் சூழ்ந்திருக்கிறது, கலோரிக் தன்னைத்தானே விலக்கும், அதனால் வாயுத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நியூட்டனின் நின்ற துகளும் இந்தக் கொள்கையும் இசைவாகப் பொருந்திப் போயின. ஒரே விதியை இரண்டு முரண்பட்ட படங்கள் விளக்கும்போது, விதியை வைத்துப் படத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வேறு சாட்சி வேண்டும்.

பம்பாயிலிருந்து போன கட்டுரை

சாட்சி வருவதற்குள் இரண்டு பேர் அடிபட்டார்கள். முதலாமவர் ஜான் ஹெரபாத். 1820இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு வேறோர் இதழில் வந்தது. வெப்பநிலையை வேகத்தின் இருமடியோடு சேர்க்காமல் உந்தத்தோடு சேர்த்தது அவருடைய சறுக்கல். ஆகவே அந்த மறுப்பில் ஓரளவு நியாயம் இருந்தது என்று விட்டுவிடலாம்.

இரண்டாமவருக்கு நேர்ந்ததை அப்படி விட முடியாது. ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் எடின்பரோவில் பிறந்த பொறியாளர். 1839 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்களுக்குப் பம்பாயில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் எழுதிய நீண்ட கட்டுரையை 1845இல் பம்பாயிலிருந்து ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். வெப்பநிலை என்பது மூலக்கூறின் நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கினால் வரும் அளவு என்று அதில் சரியாகச் சொல்லியிருந்தார். ஒரே வெப்பநிலையில் கனத்த மூலக்கூறுகள் மெதுவாகவும் லேசானவை வேகமாகவும் ஓடும் என்பதும் அதிலிருந்தது. மதிப்பிட்ட நடுவர்களில் ஒருவர், வெறும் பிதற்றல், சபையில் வாசிக்கக்கூடத் தகுதியில்லை என்ற அளவில் குறிப்பெழுதினார். கட்டுரை அச்சாகவில்லை. சொசைட்டியின் விதிப்படி திருப்பித் தரவும் இல்லை. வாட்டர்ஸ்டனிடம் படியும் இல்லை.

1883 ஜூனில் எடின்பரோவில் வீட்டைவிட்டு நடக்கப் போனவர் திரும்பவில்லை. எட்டாண்டு கழித்து, 1891இல், ராலே பிரபு சொசைட்டியின் ஆவணக் கிடங்கில் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தார். மறு ஆண்டு அச்சேற்றினார். பெயர் தெரியாத இளம் ஆய்வாளர்கள் முதலில் சிறிய வேலைகளைச் செய்து அங்கீகாரம் பெற்றுவிட்டுப் பெரிய துணிச்சலில் இறங்குவது நல்லது என்று முன்னுரையில் ஓர் அறிவுரையும் சேர்த்தார். அறிவுரை நடுவர்களுக்குப் போயிருக்க வேண்டியது, ஆசிரியர் பக்கம் திரும்பிவிட்டது. வாட்டர்ஸ்டனின் கட்டுரை வந்த காலத்திலேயே அச்சாகியிருந்தால் இத்துறை பத்துப் பதினைந்து ஆண்டு முன்னதாகவே நகர்ந்திருக்கும் என்பது மிகைக்கூற்று ஆகாது.

சாட்சி

இதற்கிடையில் ஜூல் ஒரு சோதனை செய்தார். இரண்டு செம்புக் கலன்கள், நடுவே திருகு. ஒன்றில் வளிமண்டலத்தைப்போல 20 மடங்குக்கு மேல் அழுத்திய காற்று, மற்றொன்றில் வெற்றிடம். இரண்டையும் நீரில் அமிழ்த்தித் திருகைத் திறந்தார். காற்று விரிந்து இரு கலன்களிலும் நிரம்பியது. நீரின் வெப்பநிலையில் அவரால் காணக்கூடிய மாற்றம் இல்லை. 1845இல் இது வெளியாயிற்று. துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தால், விலகிப் போகும்போது தேங்கிய ஆற்றல் வெளிப்பட்டிருக்க வேண்டும். எதுவும் வெளிப்படவில்லை என்றால் தள்ளும் விசை அங்கே முக்கியமில்லை. நின்ற துகளின் படம் இங்கே ஆட்டம் கண்டது.

அதே ஜூல் 1848இல், ஹெரபாத்தைப் பின்பற்றி, ஹைட்ரஜன் துகளின் வேகத்தைக் கணக்கிட்டார். இதில் ஒரு விந்தை உண்டு. மூலக்கூறு எவ்வளவு சிறியது, ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை என்று எதுவும் தெரியாமலே வேகத்தைச் சொல்லிவிடலாம். அழுத்தத்தை மூன்றால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஹைட்ரஜனுக்குச் சுழியம் டிகிரி செல்சியஸில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,840 மீட்டர். 27 டிகிரியில் சாதாரணக் காற்றுக்கு நொடிக்கு 508 மீட்டர். பாதரசமானியும் தராசும் இருக்கும் எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் ஓட்ட வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதை மாணவர்களுக்கு ஏன் அழுத்திச் சொல்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை.

1856இல் குரோனிக், 1857இல் கிளாசியஸ் ஆகியோர் கொள்கையை மறுபடி எழுப்பினார்கள். உடனே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுந்தது. டச்சு வானிலையாளர் பைஸ் பலோட் கேட்டார்: நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் மூலக்கூறு என்றால், அறையின் ஒரு மூலையில் திறந்த வாயுவின் மணம் அடுத்த மூலைக்கு வர ஏன் இவ்வளவு நேரம்? கிளாசியஸின் பதில் 1858இல் வந்தது. மூலக்கூறுகள் தமக்குள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் போகும் தூரம் மிகக் குறைவு. இன்று நாம் அறிந்த அளவில், சாதாரணக் காற்றில் அந்தச் சராசரித் தூரம் சுமார் 68 நானோமீட்டர். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நொடிக்கு ஏறக்குறைய 700 கோடி மோதல்கள். காற்று முழுக்க அசைவற்று இருந்தால், ஊடுபரவலால் மட்டும் ஒரு வாசனை ஒரு மீட்டர் தள்ளிப் போகப் பல மணி நேரம் பிடிக்கும். தாளிப்பு மணம் கூடத்துக்கு விரைவில் வந்து சேர்வது காற்றோட்டத்தின் உபயம்.

இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்ட மேக்ஸ்வெல் 1860இல் வேகங்களின் பரவலைத் தந்தார். வாயுவின் பாகுத்தன்மை அதன் அடர்த்தியைப் பொறுத்ததல்ல என்ற, அவரையே வியக்கவைத்த ஒரு முடிவும் அதிலிருந்து வந்தது. லண்டனில் தம் வீட்டிலேயே, மனைவி கேத்தரின் உதவியோடு, சோதித்துப் பார்த்தார். பரந்த எல்லைக்குள் அது சரியாக இருந்தது. நின்ற துகளின் படத்தால் இப்படியொன்றை முன்னறிவிக்க முடிந்திருக்காது. பிறகு வந்த ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரை, பெரினின் நுண்ணோக்கிச் சோதனைகள், 1920இல் வெள்ளி அணுக்களின் வேகத்தை ஸ்டெர்ன் நேரடியாக அளந்தது எல்லாம் வழக்கை முடித்துவைத்தன.

எத்தனை அடி, எவ்வளவு வலு

அறை வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். ஒரு சதுர சென்டிமீட்டர் சுவரில் நொடிக்கு விழும் அடிகள் ஏறக்குறைய முந்நூறு கோடி கோடி கோடி. ஒவ்வொன்றின் நிறையும் சொல்லவே கூசும் அளவு: நைட்ரஜன் மூலக்கூறுக்கு 4.65 × 10⁻²⁶ கிலோகிராம். கூட்டிப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடைக்குச் சமமான தள்ளல். ஒரு சதுர மீட்டரில் பத்து டன்.

எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் அழுத்தம் அசையாத ஒன்றாகத் தெரிகிறது. தகரக் கூரையில் தூறல் விழும்போது சொட்டுச் சொட்டாகக் கேட்கும். கனமழையில் ஒரே இரைச்சலாகிவிடும். காற்றின் மழை ஒருபோதும் தூறலாவதில்லை. தற்செயல் நிகழ்வுகளின் ஏற்ற இறக்கம் அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு நொடிக்கான ஏற்ற இறக்கம், லட்சம் கோடியில் இரண்டு பங்கு. எந்த மானியும் இதைக் காட்டாது. இருந்தாலும் காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செவிப்பறையின்மேல் ஆயிரத்திலொரு நொடியில் விழும் அடிகளை வைத்து இதே தோராயக் கணக்கைப் போட்டால், ஏற்ற இறக்கம் சில மைக்ரோபாஸ்கல் வருகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி 20 மைக்ரோபாஸ்கல். நம் காது இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருந்தால் மூலக்கூறுகளின் இரைச்சல் ஓயாமல் தொல்லை தந்திருக்கும்.

மாணவர்களைக் குழப்பும் இன்னொன்று: ஒரே வெப்பநிலையில், ஒரே எண்ணிக்கையில், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏன் ஒரே அழுத்தம் தருகின்றன? ஆக்சிஜன் மூலக்கூறு 16 மடங்கு கனம், ஆகவே நான்கிலொரு பங்கு வேகம். சுவருக்கு வரும் முறை நான்கிலொரு பங்காகக் குறையும். வரும்போது கொண்டுவரும் உந்தமோ நான்கு மடங்கு. இரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன. எந்த வாயு என்று அழுத்தத்துக்குத் தெரியாது. எத்தனை, எவ்வளவு சூடு என்பது மட்டும்தான் தெரியும்.

சூட்டின் கணக்கில் ஒரு நடைமுறைத் தவறு அடிக்கடி நேர்கிறது. 27 டிகிரியில் கார் டயருக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். நெடுஞ்சாலையில் ஓடி டயருக்குள் காற்று 57 டிகிரி ஆகிறது. கெல்வினில் 300இலிருந்து 330. பத்து விழுக்காடு கூடுதல். 32இல் பத்து விழுக்காடு சேர்த்து 35 என்று போட்டால் தவறு. கடை மானி வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தத்தையே காட்டும். மூலக்கூறுகள் உள்ளே உண்மையில் தருவது சுமார் 47 பவுண்டு. அதில் பத்து விழுக்காடு கூடினால் மானி ஏறக்குறைய 37ஐக் காட்டும். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்கிச் சரிசெய்யக் கூடாது என்பது இதனால்தான்.

சுவர் உண்மையில் என்ன செய்கிறது

இனி அந்த இரண்டு பொய் அனுமானங்கள். முதலாவது எளிதில் தீரும். 68 நானோமீட்டரில் வழிமறிக்கப்படும் மூலக்கூறு எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்புவதில்லை. ஆனால் மோதல் எதுவும் உந்தத்தை அழிப்பதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றுகிறது. சுவரை நோக்கிப் புறப்பட்ட உந்தம், எந்த மூலக்கூறின் முதுகில் ஏறியாவது, வந்து சேர்கிறது. ஆகவே மூலக்கூறைப் பின்தொடராமல் சுவருக்கு அருகே ஒரு மெல்லிய அடுக்கை எடுத்து, அதிலிருந்து எத்தனை வருகின்றன என்று எண்ணினால் போதும். பெட்டியின் நீளம் கணக்கில் வரவே வேண்டாம். நல்ல பாடநூல்கள் இப்படித்தான் செய்கின்றன.

இரண்டாவதுதான் சுவையானது. மூலக்கூறின் அளவில் பார்த்தால் எந்தச் சுவரும் வழவழப்பில்லை. அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்களின் மேடு பள்ளம் அது. வந்து விழும் மூலக்கூறுகளில் பல மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன, சற்றுப் பொறுத்து, வந்த திசையையும் வேகத்தையும் மறந்து, ஏதோ ஒரு பக்கம் கிளம்புகின்றன. 1879இல் மேக்ஸ்வெல் இதை முன்னுணர்ந்து, ஒரு பங்கு நேராகத் திரும்புகிறது, மறு பங்கு ஒட்டிப் பிறகு கிளம்புகிறது என்று கணக்கு வைத்தார். 1909 முதல் டேனிஷ் இயற்பியலாளர் நுட்சென் தொடர்ச்சியான சோதனைகளில் இப்படிக் கிளம்புவோரின் திசைப் பரவலைக் கண்டறிந்தார்.

அப்படியானால் மீட்சியுறு மோதல் என்ற கணக்கு எப்படிச் செல்லும்? சுவரும் வாயுவும் ஒரே வெப்பநிலையில் சமநிலையில் இருக்கும்போது, ஒவ்வொரு வேகத்திலும் ஒவ்வொரு கோணத்திலும் எத்தனை வருகின்றனவோ சராசரியாக அத்தனையே கிளம்புகின்றன. தனி ஒரு மூலக்கூறு எப்படிப் போனாலும் கூட்டத்தின் கணக்கு நேராகத் திரும்பியதுபோலவே இருக்கும். அழுத்தத்தில் பாதி மூலக்கூறு வந்து விழும்போது கிடைக்கிறது. மறுபாதி அது உதைத்துக்கொண்டு கிளம்பும்போது. வந்தவை அனைத்தும் ஒட்டியே கிடந்துவிட்டால் மறுபாதி வராது. அரிதாக்கப்பட்ட வாயுவில், கடுங்குளிர்த் தகட்டில் மூலக்கூறுகளை உறையவைத்து வெற்றிடம் உண்டாக்கும் பம்புகளில் இதுதான் நிலை.

சமநிலை குலைந்தால் சுவரின் குணம் வெளிப்பட்டுவிடும். 1870களில் வில்லியம் குரூக்ஸ் செய்த சுழலியை அறிவியல் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் நான்கு இறக்கைகள். ஒருபக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு. வெயிலில் வைத்தால் சுழலும். ஒளியின் அழுத்தமே காரணம் என்று முதலில் எண்ணினார்கள். அப்படியென்றால் ஒளியைத் திருப்பியடிக்கும் வெளுத்த பக்கம்தான் கூடுதலாகத் தள்ளப்பட வேண்டும். சுழலியில் பின்வாங்குவது கறுப்புப் பக்கம். கறுப்புப் பக்கம் சூடாகிறது, அங்கிருந்து கிளம்பும் மூலக்கூறுகள் பலமாக உதைக்கின்றன என்பது பாதி விளக்கம். சூடான பக்கத்திலிருந்து விரட்டப்பட்டவை, புதிதாக வருபவற்றைத் தடுத்து ஈடுகட்டிவிடுவதால், விளைவு பெரும்பாலும் இறக்கையின் விளிம்பில்தான் மிஞ்சுகிறது என்பது மறுபாதி. மேக்ஸ்வெல்லும் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸும் 1879இல் இதைத் தெளிவுபடுத்தினார்கள். முதல் பாதியோடு நிறுத்திவிடும் விளக்கங்களே இன்றும் அதிகம் உலவுகின்றன.

சுவரே இல்லாத இடத்தில், அறையின் நடுவே, ஒரு கற்பனைத் தளத்தை நிறுத்திப் பாருங்கள். வலப்பக்கம் போகும் மூலக்கூறு வலப்பக்க உந்தத்தைக் கொண்டுபோகிறது. இடப்பக்கம் போவது இடப்பக்க உந்தத்தைக் கொண்டுபோகிறது. அதாவது வலப்பக்கப் பகுதிக்கு அதனாலும் வலப்பக்க உந்தம் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை, கூடுகின்றன. அந்தக் கூட்டுத்தொகைதான் அழுத்தம். அங்கே ஒரு சுவரை வைத்தால், அது மறுபக்கத்து வாயு செய்துகொண்டிருந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது.

எடையா, மோதலா?

காற்றழுத்தத்துக்குக் காரணம் மேலுள்ள காற்றின் எடை என்று புவியியல் பாடம் சொல்கிறது. மூலக்கூறு மோதல் என்று இயற்பியல் பாடம் சொல்கிறது. எது சரி என்று கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டும் என்ற மழுப்பலே கிடைக்கிறது. கணக்கே போட்டுக் காட்டலாம். தரையிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறு நேர்மேலே கிளம்பி, புவியீர்ப்பால் வேகம் இழந்து, திரும்பி விழுந்து, மறுபடி கிளம்புகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் தரைக்குத் தரும் உந்தம், நிறையையும் வேகத்தையும் பெருக்கியதன் இருமடங்கு. இரண்டு மோதல்களுக்கிடையே ஆகும் நேரம், வேகத்தின் இருமடங்கைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது. ஒன்றை ஒன்றால் வகுத்தால் வேகம் அடிபட்டுப்போய், நிறையும் புவியீர்ப்பும் பெருக்கிய தொகை மிஞ்சும். அது அந்த மூலக்கூறின் எடையேதான். மேலிருக்கும் காற்று தன் எடையைத் தரைக்குத் தெரிவிக்கும் வழி மோதல். வேறு வழி அதற்கு இல்லை.

மூடிய புட்டியின் கதையும் இதில் அடங்கும். மூடும்போது உள்ளே எத்தனை மூலக்கூறுகள், என்ன சூட்டில் சிக்கினவோ அதுதான் அழுத்தம்; மேலே காற்று இருக்கிறதா இல்லையா என்பது இனி அதற்குப் பொருட்டில்லை. முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் அடித்தளத்தில் அழுத்தம் மேல்தளத்தைவிட மூன்றரைப் பாஸ்கல் மட்டும் கூடுதல். லட்சம் பாஸ்கலில் இது தூசு. ஆனால் பெட்டியைத் தராசில் வைக்கும்போது உள்ளேயுள்ள காற்றின் எடையாகக் காட்டுவது சரியாக அந்தத் தூசைத்தான்.

நெருக்கம் கூடும்போது

மூலக்கூறுகள் நெருங்கினால் அவற்றுக்கிடையேயான ஈர்ப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வான் டெர் வால்ஸ் 1873இல் லைடனில் தந்த ஆய்வேடு இதைச் செய்தது. சுவரை நெருங்கும் மூலக்கூறைப் பின்னாலுள்ளவை இழுப்பதால் அது மெதுவாக மோதுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது என்று பல பாடக்குறிப்புகள் சொல்கின்றன. இது சரியல்ல. ஒரே வெப்பநிலையில் வேகப் பரவல் நடுவிலும் சுவரோரத்திலும் ஒன்றுதான். குறைவது சுவரோரத்தில் இருக்கும் எண்ணிக்கை.

நீரை எடுத்துக்கொண்டால் இந்த ஈர்ப்பின் வலிமை திடுக்கிட வைக்கும். அறை வெப்பநிலையில் ஒரு குவளை நீரின் மூலக்கூறுகள் ஓடுவதால் மட்டும் வரும் உந்தப் போக்குவரத்து 1,300 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல். அதில் ஏறத்தாழ முழுவதையும் அவற்றுக்கிடையேயான ஈர்ப்பு ஈடுகட்டிவிட, எஞ்சுவது ஒரு வளிமண்டலம். சமையல் எரிவாயு உருளையிலும் வாயு விதியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. உள்ளே திரவம் இருக்கும்வரை, வெளியேறிய ஆவிக்கு ஈடாகத் திரவத்திலிருந்து மூலக்கூறுகள் வந்துகொண்டேயிருக்கும். வெப்பநிலை மாறாவிட்டால் அழுத்தம் பெரிதாகக் குறையாது. அழுத்தமானியை வைத்து மீதி எவ்வளவு என்று அறிய முடியாததும் எடைபோட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

சுவரைத் தட்டாமல் அளப்பது

டாரிசெல்லி முதல் அண்மைக்காலம் வரை அழுத்தத்தை அளந்ததெல்லாம் ஏதோ ஒன்று தள்ளப்படுவதை வைத்துத்தான்: பாதரசத் தூண், உலோக உதரவிதானம், வில். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் பல ஆண்டுகள் மூன்று மீட்டர் உயரப் பாதரசமானியைத் தன் உச்சத் தரமாக வைத்திருந்தது. இப்போது அங்கே உருவாகியுள்ள முறை வேறு. நிலையான நீளமுள்ள ஒரு குழிவுக்குள் வாயுவை நிரப்பி, லேசர் ஒளியைச் செலுத்தி, வாயுவால் ஒளி எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கன அளவில் எத்தனை மூலக்கூறுகள் என்பது கிடைக்கும். வெப்பநிலை தெரியும். போல்ட்ஸ்மன் மாறிலி 2019 மே 20 முதல் 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்று துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. மூன்றையும் பெருக்கினால், அடர்த்தி மிகாத வாயுவுக்கு, சிறு திருத்தங்களோடு அழுத்தம் வந்துவிடுகிறது.

இந்த அளவீட்டில் எந்தச் சுவர்மேல் எவ்வளவு விசை விழுகிறது என்று எவரும் பார்ப்பதில்லை. வகுப்பறையில் அந்தப் பெட்டிக் கணக்கை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணக்கு முடிந்ததும் பெட்டியின் நடுவில் ஒரு புள்ளிக்கோடு வரைந்து, இங்கே அழுத்தம் உண்டா என்று கேளுங்கள்.